102ஆவதாக வந்தவர்

அமெரிக்கத் தொழில்முறைக் காற்பந்துக் குழுக்கள் ஆண்டுதோறும் கல்லூரிகளிலிருந்து புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. எந்தக் குழு எப்போது யாரை அழைக்கலாம் என்பதற்கு முறை உண்டு. முதலில் அழைக்கப்படுபவரின் படம் நாளிதழ்களில் வரும். பிந்திய சுற்றுகளில் வருபவருக்குப் பயிற்சி முகாமில் ஓர் இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

1955ஆம் ஆண்டு அந்தத் தேர்வில் முதல் பெயராக வந்தவர் ஜார்ஜ் ஷா. ஆரிகன் பல்கலைக்கழக மாணவர். பால்டிமோர் கோல்ட்ஸ் குழு அவரை எடுத்துக்கொண்டது. ஒன்பதாம் சுற்றில், 102ஆவதாக, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் குழு ஜானி யுனைட்டஸ் என்பவரை அழைத்தது. இருவரும் ஆடியது ஒரே இடத்தில்: குவார்ட்டர்பேக்.

இந்த விளையாட்டு நம் காற்பந்து அன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், எறிவார்கள். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்தால் டச்டவுன். ஒவ்வொரு முறையும் பந்தைக் கையில் வாங்கி, அதை எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா என்பதைச் செயல்படுத்துபவர்தான் குவார்ட்டர்பேக். அந்தக் காலத்தில் எந்த ஆட்டமுறை என்பதையும் பெரும்பாலும் அவரே களத்தில் முடிவு செய்தார். குழுவின் மூளையும் கையும் அவரே.

யுனைட்டஸ் 1933 மே 7ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் பிறந்தார். லித்துவேனிய வம்சாவளிக் குடும்பம். அப்பா நிலக்கரி விநியோகித்து வந்தார். யுனைட்டஸ் சிறு பிள்ளையாக இருந்தபோதே அவர் இறந்துவிட்டார். அம்மா ஹெலன் அந்தத் தொழிலைத் தாமே நடத்தினார், இரவில் அலுவலகங்களைச் சுத்தம் செய்தார், கூடவே கணக்கியலும் படித்தார். பின்னாளில் நகர நிர்வாகத்தில் கணக்காளர் வேலையும் பெற்றார். நான்கு பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள்.

செயிண்ட் ஜஸ்டின் என்ற சிறிய கத்தோலிக்கப் பள்ளியின் குழுவில் யுனைட்டஸ் குவார்ட்டர்பேக் ஆனார். பள்ளி முடிக்கும் நேரத்தில் ஆறடி உயரம் இருந்தார், எடையோ சுமார் 65 கிலோதான். கத்தோலிக்க இளையர் பலரின் கனவாக இருந்த நோட்டர் டேம் பல்கலைக்கழகம் அவரை வரவழைத்துப் பார்த்தது. இவ்வளவு ஒல்லியான பையன் அடிபட்டுவிடுவான் என்று திருப்பி அனுப்பியது. சொந்த ஊரான பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அங்கே நுழைவுத் தேர்வில் அவர் தேறவில்லை. மிஞ்சியது கென்டக்கி மாநிலத்தில் இருந்த லூயிவில் பல்கலைக்கழகம். காற்பந்தில் அப்போது அதைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை.

அங்கும் நிம்மதி இல்லை. 1952இல் பல்கலைக்கழகம் விளையாட்டுச் செலவைக் குறைத்தது. ஆட்டக்காரர்கள் பலர் உபகாரச் சம்பளத்தை இழந்தார்கள். குழு மெலிந்தது. யுனைட்டஸ் தாக்குதலிலும் ஆடினார், தற்காப்பிலும் ஆடினார். 1953இல் அந்தக் குழு ஒரே ஓர் ஆட்டத்தில்தான் வென்றது. தோற்கும் குழுவின் ஆட்டக்காரருக்குப் புள்ளிவிவரம் எப்படி நன்றாக இருக்கும்? கடைசி ஆண்டில் காயங்களும் சேர்ந்துகொண்டன. 102 என்ற எண்ணின் கதை இதுதான். தேர்வாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவு என்று அதைச் சொல்ல முடியாது. அவர்கள் முன் இருந்த தாளில் அவ்வளவுதான் எழுதியிருந்தது.

ஸ்டீலர்ஸ் முகாமில் ஏற்கெனவே மூன்று குவார்ட்டர்பேக்குகள் இருந்தார்கள். தலைமைப் பயிற்றுவிப்பாளர் வால்ட் கீஸ்லிங், பருவத்துக்கு முந்திய ஆட்டங்களில் யுனைட்டசை ஒரு நிமிடம்கூடக் களமிறக்கவில்லை. குழு உரிமையாளர் ஆர்ட் ரூனியின் பிள்ளைகள்தான் முகாமில் அவர் எறியும் பந்துகளைப் பிடித்து விளையாடினார்கள். இவர்தான் எல்லாரிலும் சிறந்தவர் என்று அப்பாவிடம் வாதாடியதும் அவர்களே. பெரியவர்கள் காதில் அது ஏறவில்லை. முகாம் முடியுமுன் யுனைட்டஸ் நீக்கப்பட்டார். ஊருக்குத் திரும்பக் கொடுத்த பேருந்துக் கட்டணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வழியில் வந்த வண்டிகளை நிறுத்தி ஏறி வீடு போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்குத் திருமணமாகியிருந்தது. ஒவ்வொரு டாலரும் குடும்பத்துக்குத் தேவை.

கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் குழுவின் பயிற்றுவிப்பாளருக்குத் தந்தி அடித்தார். அடுத்த ஆண்டு வந்து பார்க்கும்படி பதில் வந்தது. அந்த ஓராண்டு அவர் கட்டுமானத் தளத்தில் அடித்தூண் இறக்கும் வேலை செய்தார். வாரத்துக்கு ஒரு நாள் புளூம்ஃபீல்டு ராம்ஸ் என்ற உள்ளூர்க் குழுவுக்கு ஆடினார். சம்பளம் ஆட்டத்துக்கு 6 டாலர். களத்தில் புல்லைக் காண்பது அரிது. புழுதி அடங்குவதற்காக மண்ணில் எண்ணெய் தெளித்து வைத்திருப்பார்கள். கல்லூரியில் நட்சத்திரமாக இருந்தவர்கள் அந்தத் திடலில் ஆடுவதைக் கௌரவக் குறைவாக நினைத்திருப்பார்கள். யுனைட்டசுக்கு அது பந்து எறியக் கிடைத்த ஓர் இடம்.

1956இல் கோல்ட்ஸ் குழுவுக்கு மாற்று குவார்ட்டர்பேக் ஒருவர் தேவைப்பட்டார். முதல் இடத்தைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை, அங்கே ஜார்ஜ் ஷா இருந்தார். செலவில்லாமல் ஒரு மாற்று ஆள் கிடைத்தால் போதும். யுனைட்டசுக்குத் தொலைபேசி அழைப்பு போனது. அவர் வந்து ஆடிக் காட்டினார். பயிற்றுவிப்பாளர் வீப் யூபேங்க் வைத்துக்கொண்டார். ஒப்பந்தம் 7,000 டாலர். பட்டியலில் முதலாவதாக வந்தவரும் 102ஆவதாக வந்தவரும் இப்படித்தான் ஒரே குழுவில் சேர்ந்தார்கள்.

அதே ஆண்டு யுனைட்டசை நீக்கிய ஸ்டீலர்ஸ் குழுவுக்குச் சீட்டுக் குலுக்கலில் அதிர்ஷ்டம் அடித்தது. முதல் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. அவர்கள் அழைத்தது கேரி கிளிக் என்ற தற்காப்பு ஆட்டக்காரரை. அவர் ஆடி யாரும் நேரில் பார்த்ததில்லை என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. பல ஆண்டுகள் பல குழுக்களுக்கு ஒழுங்காக ஆடினார். முதல் தேர்வு என்பதற்காகத்தான் இன்று அவர் பெயர் நினைக்கப்படுகிறது.

1956 அக்டோபர் 21. சிகாகோ பேர்ஸ் குழுவுடன் ஆட்டம். அன்று ஷாவின் முழங்கால் உடைந்தது. யுனைட்டஸ் களமிறங்கினார். அவர் எறிந்த முதல் பந்தையே எதிரணியின் ஜே.சி. கேரலைன் பறித்துக்கொண்டு ஓடி டச்டவுன் போட்டார். அடுத்து, பந்தைத் தம் குழுவினரிடம் கொடுக்கும்போது மோதிக்கொண்டு நழுவவிட்டார். கோல்ட்ஸ் 58க்கு 27 என்று தோற்றது. அந்த மாலையில் பட்டியல்காரர்கள் சொன்னதுதான் சரி என்று தோன்றியிருக்கும். ஆனால் ஷாவுக்கு உடனே திரும்பி வர முடியாது, குழுவிடம் வேறு நல்ல ஆளும் இல்லை. யுனைட்டசுக்கு அடுத்த வாரமும் வாய்ப்பு கிடைத்தது. என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையில் மிகப் பெரிய திருப்பம் அந்த அடுத்த வாரம்தான். ஸ்டீலர்ஸ் முகாமில் அவருக்குக் கிடைக்காதது அது ஒன்றுதான்.

மறு ஆண்டே லீக்கில் அதிக யார்டுகளுக்குப் பந்து எறிந்தவர் யுனைட்டஸ். ஷாவுக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை.

1958 டிசம்பர் 28 அன்று நியூயார்க்கின் யாங்கி அரங்கில் வெற்றியாளர் கிண்ணத்துக்கான இறுதி ஆட்டம். எதிரணி நியூயார்க் ஜயண்ட்ஸ். அரங்கில் 64,000க்கும் அதிகமானோர், தொலைக்காட்சி முன் பல மில்லியன் பேர். இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம் மீதி, கோல்ட்ஸ் 14க்கு 17 என்று பின்தங்கியிருந்தது. யுனைட்டஸ் அடுத்தடுத்து மூன்று பந்துகளை ரேமண்ட் பெர்ரியிடம் எறிந்தார். மொத்தம் 62 யார்டு. ஆட்டம் முடிய 7 வினாடி இருக்கும்போது ஸ்டீவ் மைரா பந்தை உதைத்துச் சமநிலை கண்டார். லீக்கின் இறுதி ஆட்டம் ஒன்று கூடுதல் நேரத்துக்குப் போனது அதுவே முதல்முறை. அதில் கோல்ட்ஸ் 80 யார்டு தூரத்தை 13 நகர்வுகளில் கடந்தது. கடைசி ஒரு யார்டை ஆலன் அமீச்சி பந்தோடு பாய்ந்து முடித்தார். 23க்கு 17.

அந்த மூவரையும் பட்டியலில் வைத்துப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். பெர்ரி 20ஆம் சுற்றில் தேர்வு செய்யப்பட்டவர். அவருடைய ஒரு கால் மற்றதைவிடக் குட்டை, பார்வையும் சரியில்லை. பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகும் அவரும் யுனைட்டசும் திடலிலேயே நின்று எறிவதும் பிடிப்பதுமாக இருப்பார்கள். அந்த இறுதி ஆட்டத்தில் அவர் பிடித்த பந்துகள் 12. அமீச்சியோ நேர் எதிர். கல்லூரிக் காற்பந்தின் உச்ச விருதான ஹைஸ்மன் கிண்ணத்தை 1954இல் வென்றவர், ஷா தேர்வான அதே ஆண்டில் மூன்றாவதாக அழைக்கப்பட்டவர். தொழில்முறை ஆட்டத்தில் பந்தைத் தொட்ட முதல் முறையே 79 யார்டு ஓடி டச்டவுன் போட்டவர். பட்டியல் அவரைச் சரியாகக் கணித்திருந்தது. ஆனால் குதிகால் தசைநார்க் காயத்தால் 1960ஆம் ஆண்டுப் பருவத்தோடு அவர் ஆட்டம் முடிந்தது. அதன் பிறகு உணவகத் தொழிலில் நன்றாகவே சம்பாதித்தார்.

இன்று இந்தத் தரவரிசை உயர்நிலைப் பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு மில்லியன் பள்ளி மாணவர்கள் இந்த விளையாட்டை ஆடுகிறார்கள். அவர்களில் ஆண்டுக்கு முப்பது பேர் அளவில் ஐந்து நட்சத்திரம் பெறுகிறார்கள். தேசியத் தேர்வுகளின் மதிப்பெண்களோடு வளர்ந்த நமக்கு இந்தப் பரபரப்பு புதிதில்லை. ஐந்து நட்சத்திரக்காரர் தொழில்முறைக் குழுவுக்குள் நுழையும் வாய்ப்பு, மூன்று நட்சத்திரக்காரரின் வாய்ப்பைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே நட்சத்திரங்களைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அதே நேரத்தில், மூன்று நட்சத்திரமும் அதற்குக் குறைவாகவும் பெற்றவர்களின் எண்ணிக்கை மிகப் பெரியது. தொழில்முறைக் குழுக்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்களே. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. 17 வயதுப் பையனின் உயரத்தையும் வேகத்தையும் அளந்துவிடலாம். 23 வயதில் அவன் முழங்கால் எப்படி இருக்கும் என்பதை யார் அளப்பது?

ஷாவைத் தோற்றவர் என்று எழுதுவது நியாயமில்லை. 1958இல் யுனைட்டசின் விலா எலும்புகள் உடைந்தபோது, களமிறங்கிக் குழுவைத் தாங்கியவர் அவரே. பின்னர் ஜயண்ட்ஸ் குழுவுக்குப் போனார். 1961இல் புதிதாகத் தொடங்கிய மினசோட்டா வைக்கிங்ஸ் குழுவின் முதல் ஆட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. அதே ஆட்டத்தில் ஃபிரான் டார்கன்டன் என்ற புது இளைஞர் மாற்று ஆட்டக்காரராக இறங்கிப் பந்துகளை எறிந்து குழுவை வெல்ல வைத்தார். ஷா மறுபடியும் ஓரத்துக்குப் போனார். மறு ஆண்டு டென்வர் குழுவோடு அவர் ஆட்டம் நின்றது. 1998இல் காலமானார்.

யுனைட்டஸ் 1959இலும் கோல்ட்சுக்குக் கிண்ணம் வென்று தந்தார். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து 47 ஆட்டங்களில், ஒவ்வொன்றிலும் ஒரு டச்டவுனாவது எறிந்திருந்தார். அந்தச் சாதனையை 2012இல்தான் டுரூ பிரீஸ் முறியடித்தார். 1968இல் யுனைட்டசின் முழங்கையில் காயம். பல குழுக்கள் மாறி மாறி வந்த ஏர்ல் மோரல் அவர் இடத்தில் ஆடி, அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். காயம் பட்டவரின் இடத்தில் மாற்று ஆள் வந்து நிற்பது என்னும் அதே கதை. இந்த முறை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தவர் யுனைட்டஸ். ஆனால் அவர் திரும்பி வந்தார். 1971 ஜனவரியில் சூப்பர் போவ்ல் வென்ற குழுவில் இருந்தார். 1973இல் சான் டியாகோ குழுவுக்கு விற்கப்பட்டு, மறு ஆண்டு ஓய்வு பெற்றார். 40,000 யார்டுகளைத் தாண்டிப் பந்து எறிந்த முதல் மனிதர் அவர். 1979இல் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது.

அதன் பிறகான ஆண்டுகளைப் புகழ்மண்டபக் குறிப்புகள் விரித்துச் சொல்வதில்லை. ஈடுபட்ட தொழில்கள் நட்டத்தில் முடிந்து, 1991இல் அவர் நொடித்துப்போனதாக அறிவித்தார். 1968இல் அடிபட்ட அந்த வலக்கை மெல்ல மெல்லச் செயலிழந்தது. சட்டைப் பொத்தான் போடவும் எதையாவது இறுகப் பிடிக்கவும் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. குழிப்பந்தாட்டம் ஆடும்போது மட்டையைக் கையோடு ஒட்டுப்பட்டையால் கட்டிக்கொள்வார். உடல் ஊனத்துக்கான உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தார். விண்ணப்பிக்க வேண்டிய வயது கடந்துவிட்டது என்று ஆட்டக்காரர்களின் ஓய்வூதியத் திட்டம் மறுத்தது. எனினும் தினமும் உடற்பயிற்சிக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. 2002 செப்டம்பர் 11ஆம் தேதி பால்டிமோர் அருகே அப்படிப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோதுதான் மாரடைப்பு வந்தது. வயது 69. அடுத்த மாதமே பால்டிமோர் அரங்கின் வாசலில் அவருக்குச் சிலை திறந்தார்கள். வலக்கையில் பந்தை உயர்த்தி, எறியத் தயாராக நிற்கிறார்.