சுவரேறிய புகழ்

1894ஆம் ஆண்டின் இறுதி வாரம். கிறித்துமசு விடுமுறைக்காகப் பாரிசு நகரத்து ஓவியர் பலரும் வெளியூர் சென்றுவிட்டனர். லெமர்சியே கல்லச்சகத்தில், நண்பர் ஒருவருக்காக அச்சுப்படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார் அல்போன்சு மூகா. மொராவியாவின் இவாஞ்சிட்சேயில் 1860இல் பிறந்தவர். பிராகா ஓவியக் கழகம் ஏற்க மறுத்தவர். வியன்னாவில் நாடகத் திரைகள் தீட்டிப் பிழைத்தவர். கல்விக்கு உதவிவந்த பிரபு 1889இல் கைவிட்டபின், இதழ்களுக்கும் நூல்களுக்கும் படம் வரைந்து நாட்களைக் கடத்தினார். அகவையோ முப்பத்து நான்கு.

அவ்வேளையில் நடிகை சாரா பெர்னாரிடமிருந்து அச்சகத்திற்கு ஆணை வந்தது. சார்தூ எழுதிய கிசுமோந்தா நாடகத்திற்குப் புதிய சுவரொட்டி வேண்டும். சனவரி முதல் நாள் அது நகரச் சுவர்களில் இருத்தல் வேண்டும். வேறு ஆளின்மையால் பணி மூகாவிடம் வந்தது. இதனைத் தெய்வச் செயலாக விரித்துரைப்போர் உளர். ஆயினும் 1890 முதலே நாடக ஆடையணி இதழொன்றில் சாராவின் வேடங்களை அவர் வரைந்திருந்தார். அம்முகம் அவர் கைக்குப் புதிதன்று.

அந்நாளைய பாரிசுச் சுவர்களில் செரேயின் துள்ளும் மகளிரும் துலங்கும் வண்ணங்களுமே ஆட்சி செய்தன. மூகாவின் தலைவியோ ஆடாது நின்றாள். இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட உயரம், முக்கால் மீட்டர் அகலம். ஏறத்தாழ ஆளுயர உருவம். கையில் குருத்தோலை, கூந்தலில் மலர்மாலை, தலைக்குப் பின்னே பைசாந்தியக் கோயில்களை நினைவூட்டும் வண்ணச் சில்லுப் பதிப்பு. மாடத்துள் நிற்கும் படிமம் போன்ற அமைதி. காலம் போதாமையால் பின்னணியின் சில பகுதிகள் வெறுமையாகவே விடப்பட்டன. அவ்வெறுமையே உருவத்திற்கு உயரம் தந்தது எனலாம். பின்னாளில் அவர் இடைவெளியின்றி நிறைத்த அணிவேலைகளைக் காணும்போது, இந்தப் படத்தின் அடக்கமே மேலெனத் தோன்றுகிறது.

1895 சனவரி முதல் நாள் சுவரொட்டி வெளிப்பட்டது. சேகரிப்போர் இரவில் சவரக்கத்தியால் அதனை அறுத்தெடுத்துச் சென்றனர். சாரா ஆறாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். சுவரொட்டிகளுடன் அரங்கமைப்பும் ஆடையும் அணிகலனும் மூகாவின் பொறுப்பாயின. பிசுக்கட்டு, சுருட்டுத்தாள், மிதிவண்டி விற்போரும் அவரை நாடி வந்தனர்.

இப்புகழில் அவர் உள்ளம் நிறையவில்லை. 1910இல் தாய்நாடு திரும்பி, சுலாவிய மக்களின் வரலாற்றை இருபது பெருஞ்சீலைகளில் தீட்டி, 1928இல் பிராகா நகருக்கு வழங்கினார். அதற்குள் ஓவிய உலகின் சுவை மாறிவிட்டது. பழைமை வாய்ந்தது என்று திறனாய்வாளர் பலர் ஒதுக்கினர். 1939இல் நாட்டைக் கைப்பற்றிய செருமானியர் அவரைப் பிடித்து வினவி விடுவித்தனர். அவ்வாண்டு சூலை 14இல் அவர் மறைந்தார்.