அடிகளாரின் மொழிப் பயணம்

உயர்தரப் பரீட்சை முடித்த நம் தங்கையர் சிலர் இப்போது மொழியியலையோ, பிரெஞ்சு, ஜேர்மன், ஜப்பான் மொழிகளில் ஒன்றையோ பட்டப்படிப்புக்கு எடுக்கிறார்கள். அவற்றைக் கற்பிக்கும் களனிப் பல்கலைக்கழகம் வத்தளைக்கு அதிக தூரமில்லை. ஆனாலும் வீட்டில் ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. பிறத்தியார் மொழியைப் படித்து என்ன செய்யப் போகிறாய், உள்ள தமிழும் போய்விடாதா என்று கேட்கிறார்கள். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. கடல் கடந்து போன நம்மிற் பலர் நம் பிள்ளைகளைப் பார்த்து இதே கவலையைப் பட்டிருக்கிறோம். இந்த மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பு வந்தபோது, அந்தக் கேள்வியை மனதில் வைத்தே தனிநாயகம் அடிகளாரைத் தெரிந்தெடுத்தோம்.

சேவியர் தனிநாயகம் அடிகள் 1913 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பொன்னிற் பிறந்தார். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். அந்நாளையப் பெரிய கல்லூரிகள் எல்லாவற்றையும் போல அங்கும் ஆங்கிலமே கோலோச்சியது. பின்பு கொழும்பில் புனித பெர்னாட் குருமடம். அதன்பின் 1934 முதல் 1939 வரை உரோமாபுரி.

உரோமையில் பாடங்கள் இலத்தீனில் நடந்தன. தெருவில் இத்தாலியம், உணவு மேசையில் உலகின் பல நாட்டு மாணவர்கள். இப்படி ஓர் இடத்தில் ஐந்து வருடம் இருந்தவர் மொழிகளை ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம், போர்த்துக்கேயம் என்று அந்தப் பட்டியல் பின்னாளில் நீண்டது. அங்கிருந்த தமிழ் மாணவர்களோடு சேர்ந்து வீரமாமுனிவர் பெயரில் ஒரு கழகமும் நடத்தினார்.

குருவாகித் திரும்பியவர் 1940இல் திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளம் புனித தெரேசா பள்ளியில் துணைத் தலைமையாசிரியரானார். அங்கேதான் தமிழிலக்கியத்தை முறையாகப் படிக்கத் தொடங்கினார். வயது இருபத்தேழு. இறையியலில் கலாநிதி, ஐரோப்பிய மொழிகளிற் சரளம். அப்படிப்பட்டவர் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் பாடங்கேட்க உட்கார்ந்தார். அவருடைய வாழ்க்கையில் நமக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு துறையிற் பெரியவரான பிறகு இன்னொன்றில் முதலாம் வகுப்புக்குப் போவது எவ்வளவு கூச்சமான காரியம் என்பது, வெளிநாட்டில் நடுவயதில் மொழி வகுப்புக்குப் போன நம் தோழிகளுக்குத் தெரியும். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போய், தமிழில் முதுகலைப் பட்டமும் அதற்குமேல் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார். சங்கப் பாடல்களில் இயற்கை என்பது ஆராய்ச்சிப் பொருள். கிரேக்க, இலத்தீன் கவிதைகளை முன்பே படித்திருந்ததால் குறிஞ்சியும் நெய்தலும் எவ்வளவு தனித்தன்மை உடையவை என்று ஒப்பிட்டுக் காட்ட அவரால் முடிந்தது.

1952இல் 'தமிழ் கல்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். அதே ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். விடுமுறை கிடைத்தால் ஐரோப்பிய நூலகங்களில் தேடல். போர்த்துக்கேயமும் இலத்தீனும் தெரியாத தமிழறிஞர் எவருக்கும் அந்தக் கதவுகள் எளிதில் திறந்திருக்கமாட்டா.

1554இல் லிஸ்பனில், அங்கு போயிருந்த தமிழர் மூவரின் உழைப்பில் ஒரு சிறு செப நூல் அச்சானது. தமிழை உரோம எழுத்தில் அச்சிட்டு, போர்த்துக்கேயப் பொருளும் தந்த நூல் அது. அடிகளார் அதைத் தேடிப் பார்த்துத் தமிழுலகுக்கு அறிமுகப்படுத்தினார். மொழியியல் படிக்கும் தங்கைகளுக்கு அதன் அருமை சட்டென்று விளங்கும். கல், தங்கம், மகள் என்ற மூன்று சொற்களிலும் நாம் எழுதுவது ஒரே 'க'தான். ஒலிப்பதோ மூன்று விதம். தமிழெழுத்து காட்டாத அந்த வேறுபாட்டை உரோம எழுத்து காட்டிக்கொடுக்கும். நானூறு வருடத்துக்கு முந்திய கடற்கரைத் தமிழ் காதில் எப்படி விழுந்தது என்பதற்கு அது ஒரு சாட்சி.

இன்னொன்று அந்தாவோ தெ புரோயென்சா என்ற இயேசுசபைக் குருவின் தமிழ் - போர்த்துக்கேய அகராதி. அவர் 1666இல் இறந்துவிட, அகராதி 1679இல்தான் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சேறியது. பேச்சு வழக்குச் சொற்களையும் ஒதுக்காமல் 16,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. அதன் பிரதியை 1954இல் வத்திக்கான் நூலகத்தில் அடிகளார் கண்டார். நாம் வகுப்பில் இருந்த கதிரையும் வாங்கும், அலுமாரியும், காலிற் போட்ட சப்பாத்தும், இடைவேளையில் தின்ற பாணும், சட்டையில் குத்திய லேஞ்சியும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள்தாம்; பக்கத்துச் சிங்கள வகுப்புப் பிள்ளைகளும் பாண், அலுமாரி, சப்பாத்துக்கு ஏறக்குறைய இதே சொற்களைத்தான் சொன்னார்கள். இரண்டு மொழிகளும் அன்று எப்படிக் கொடுத்து வாங்கின என்று பார்க்க விரும்புவோருக்கு அந்த அகராதி ஒரு சுரங்கம்.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த காலத்தில் தமிழின் உரிமைக்காக அவர் பேசியும் எழுதியும் வந்தார். 1961இல் கோலாலம்பூர் போய், மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்குத் தலைவரானார். 1964 ஜனவரியில் புதுதில்லியில் கீழைத்தேய அறிஞர் மாநாடு கூடியபோது, அங்கு வந்திருந்தவர்களைக் கொண்டே உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உருவாக்கினார். தலைவர் பிரெஞ்சுக்காரரான ஜீன் ஃபிலியோசா. அடிகளாரோடு செயலாளராக இருந்தவர் செக் நாட்டவரான கமில் சுவெலபில். ஒவ்வொருவரோடும் அவரவர் மொழியிற் பழகக்கூடிய ஒருவர் இல்லாமல் இப்படியொரு மன்றம் கைகூடியிருக்குமா என்பது சந்தேகமே. முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. அந்த ஆண்டிலேயே புரோயென்சாவின் அகராதி மூலப்பிரதியில் உள்ளபடியே அங்கு மறுபதிப்பாக வெளிவந்தது.

சென்னை, பாரிஸ் மாநாடுகளுக்குப் பின் நான்காவது மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்தது. சொந்த மண்ணில் நடந்த அந்த விழாவின் இறுதி நாளில் உயிர்கள் பறிபோனதை அடிகளார் பார்க்க நேர்ந்தது. நம்மிற் சிலரின் வீடுகளிலும் அந்த நாளைப் பற்றித் தாழ்ந்த குரலிற் பேசியது நினைவிருக்கிறது.

அடிகளார் 1980 செப்டெம்பர் 1ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் காலமானார். நான்கு மாதங்களின் பின், 1981 ஜனவரியில், மதுரையில் ஐந்தாவது மாநாடு கூடியது.