மேல்காற்றை அளந்த ஓயிஷி

சர்வே பிராக்டிகலில் நாம தூக்கிட்டுப் போற தியோடலைட்டை வானத்துக்குத் திருப்பியவர் ஜப்பானின் வாசபுரோ ஓயிஷி (1874–1950). தாதேனோ ஆய்வகத்தில் 1923 முதல் 1925 வரை பலூன் விட்டு 1,288 முறை மேல்காற்றை அளந்தார். குளிர்காலத்தில், சுமார் 9 கி.மீ. உயரத்தில், விநாடிக்கு 70 மீட்டர் வேகத்தில் மேற்குக் காற்று! அதுதான் ஜெட் ஸ்ட்ரீம்.

எப்படி உண்டாகுது? தெற்கே வெப்பக் காற்று விரிந்து நிற்கும்; வடக்கே குளிர்காற்று சுருங்கிக் கிடக்கும். அதனால் மேலே அழுத்த வித்தியாசம் வரும். வடக்கே ஓடப்பார்க்கும் காற்றைப் பூமியின் சுழற்சி கிழக்கே திருப்பிவிடும்.

உலகமே படிக்கட்டும்னு 1926-ல் எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை போட்டார். வெளிநாட்டில் அதைக் கவனிச்சவங்க ரொம்பக் குறைவு. 1944-ல் டோக்கியோ மேலே அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் திணறின.

அளந்தது சரிதான், போய்ச் சேரலையே!