கால்நடையாய் ஒரு வினா: வினோபா பாவே

நிலமற்றோர்க்கு நிலம் வழங்குதல் அரசின் கடமையா, உடையவர் மனங்கனிந்து ஈய வேண்டியதா? விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வினாவைத் தம் கால்களால் நடந்தே ஆராய்ந்தவர் ஆசாரிய வினோபா பாவே.

மராட்டிய மண்ணில் 1895 செப்டம்பர் 11 அன்று பிறந்த அவர், 1916இல் காந்தியடிகளை வந்தடைந்தார். 1940இல் தனிநபர் சத்தியாக்கிரகத்திற்கு அடிகள் தேர்ந்தெடுத்த முதல் தொண்டர் இவரே.

தெலுங்கானாவில் உழவர்தம் ஆயுதக் கிளர்ச்சி கனன்றுகொண்டிருந்த காலம். 1951 ஏப்ரல் 18 அன்று போச்சம்பள்ளி என்னும் ஊரை அடைந்தார். ஒடுக்கப்பட்ட நாற்பது குடும்பத்தினர் எண்பது ஏக்கர் நிலம் வேண்டினர். அரசிடம் எடுத்துரைப்பதாகவே அவர் முதலில் கருதினார். ஆயினும் ஊராரை நோக்கி, உதவ வல்லார் உளரோ என வினவினார். இராமச்சந்திர ரெட்டி என்பவர் எழுந்து, நூறு ஏக்கர் தருவதாக அறிவித்தார். கேட்டதினும் மிகுதி! பூதான இயக்கம் அந்த நொடியிற் பிறந்தது.

அதன்பின் ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் நடந்தார். தம்மை ஆறாவது மகனாக ஏற்று, நிலத்தில் ஆறில் ஒரு பங்கு தருமாறு செல்வரை வேண்டினார். சட்டத்தின் கட்டாயம் நிலத்தைப் பிரிக்குமேயன்றி நெஞ்சங்களை இணைக்காது என்பது அவர்தம் உறுதி.

1957க்குள் ஐந்து கோடி ஏக்கர் என்பது இலக்கு. கிடைத்ததோ சுமார் 42 இலட்சம். அதிலும் பாறையும் காடும் வழக்கில் சிக்கியனவும் பல. ஈந்தவர் எல்லாரும் போச்சம்பள்ளிப் பெருமகனார் போன்றவர் அல்லர் போலும்! மேலும், வாய்மொழித் தானம் உழவன் கையில் உரிமையாக மாறப் பத்திரமும் பதிவும் தேவைப்பட்டன. பீகாரில் 1954இலும் சென்னை மாநிலத்தில் 1958இலும் பூதானச் சட்டங்கள் இயற்றப்பட்டன. கட்டாயத்தை விலக்கிய இயக்கமும் அரசின் முத்திரையை விலக்க இயலவில்லை.

1956இல் நம் பழனியில் அவர் எடுத்த முடிவு இன்றும் வியப்பூட்டுவது. நிதியுதவியும் வேண்டா, குழுக்களும் வேண்டா, மக்களே இதனை நடத்தட்டும் என்று பூதானக் குழுக்களைக் கலைத்தார். கொள்கைக்கு அது பொருந்தியதே. ஆனால் பெற்ற நிலத்தை அளந்து பங்கிட ஆளின்றிப் பணி தளர்ந்தது. இம்முடிவைப் பிழையென்றே கருதுகிறேன். எனினும் அதன் நேர்மையை ஐயுற மனம் வரவில்லை.

1982 நவம்பர் 15 அன்று, உணவையும் மருந்தையும் தாமே விலக்கி, பவனார் ஆசிரமத்தில் உயிர் நீத்தார். மறு ஆண்டு பாரத ரத்னா விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. தானமாக வந்த நிலங்களைப் பகிர்ந்தளிக்கும் பணி அப்போதும் முடிந்திருக்கவில்லை.