ஒரு வருஷத்தில் கைநழுவிய பெருமை: செனகல் நத்தைகளை வகைப்படுத்திய மிஷேல் அடான்சன் யார்?

மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை மணலைக் கையில் அள்ளினால், அரிசி மணி அளவுக்குப் பளபளப்பான குட்டிச் சங்குகள் கிடைக்கும். 'மார்ஜினெல்லா' வகை நத்தைகளின் ஓடுகள் இவை. இவற்றை முறையாக ஆராய்ந்த முன்னோடி மிஷேல் அடான்சன். ஆனால் அவர் வைத்த பெயர்கள் இன்று அறிவியலில் செல்லாது. ஏன் அப்படி?

செனகலுக்குப் போன குமாஸ்தா

1727-ல் பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸில் பிறந்தவர் அடான்சன். 1749-ல், 22 வயதில், பிரெஞ்சு இந்தியக் கம்பெனியின் குமாஸ்தாவாகச் செனகல் போனார். அடிமை வியாபாரமும் செய்துவந்த கம்பெனி அது. அங்கே சுமார் ஐந்து வருஷம் தங்கி செடி, மீன், சங்கு என்று எல்லாவற்றையும் சேகரித்தார்.

ஓடு மட்டும் போதுமா?

மார்ஜினெல்லாவை அடையாளம் காண வாய் விளிம்பின் தடிப்பையும், உள்தூணில் இருக்கும் மடிப்புகளையும் பார்ப்பார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கு. குட்டி நத்தைக்கு அந்த விளிம்பு இன்னும் தடித்திருக்காது. ஒரே இனத்தின் குட்டியையும் பெரியதையும் வேறு வேறு இனம்னு நினைச்சிட வாய்ப்பு உண்டு.

அந்தக் காலத்தில் பலரும் அழகான ஓடுகளைச் சேர்ப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அடான்சன் உள்ளே இருக்கும் உயிரையும் பார்த்தார். கண் எங்கே இருக்கு, கொம்பு எப்படி இருக்கு, வாயை அடைக்கும் மூடி உண்டா என்று கவனித்துப் பிரித்தார். புழுக்கூடு போலத் தெரிந்த 'வெர்மெட்' உண்மையில் நத்தைதான் என்பதும் அப்படித்தான் தெரியவந்தது.

ஒரே வருஷ வித்தியாசம்

அவருடைய சங்கு நூல் 1757-ல் வெளியானது. விலங்குகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் கணக்கோ, லின்னேயஸின் நூல் வந்த 1758-லிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பெயர்கள் செல்லாது. லின்னேயஸின் இரட்டைப் பெயர் முறையையும் அடான்சன் ஏற்கவில்லை. 'யெட்', 'போபி' என ஒற்றைச் சொற்களையே வைத்தார். 'யெட்' என்பது செனகலின் வொலோஃப் மக்கள் பெரிய சங்கு ஒன்றுக்குச் சொல்லும் பெயர். மார்ஜினெல்லா என்ற பேரினப் பெயரை 1799-ல் வைத்தவர் லாமார்க்.

கடைசி நாட்கள்

செனகல் வரிசையில் அடுத்த தொகுதிகள் வெளிவரவே இல்லை. இயற்கை முழுவதையும் வகைப்படுத்தும் கலைக்களஞ்சியக் கனவும் கையெழுத்துப் பிரதியாகவே நின்றுபோனது. பிரெஞ்சுப் புரட்சி அவரை வறுமையில் தள்ளியது. அறிவியல் சபை அழைத்தபோது, போட்டுக்கொள்ளச் செருப்பு இல்லாததால் போக முடியவில்லை என்பார்கள். பிறகு ஓய்வூதியம் கிடைத்தது. 1806-ல் பாரிஸில் காலமானார்.

பெயர்கள் செல்லாமல் போனாலும் உழைப்பு வீண்போகவில்லை. அவர் சேகரித்த ஓடுகள் பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருந்தன. அவற்றை ஆராய்ந்த ஃபிஷர்-பியெட், எது எந்த இனம் என்று 1942-ல் விரிவாக எழுதினார். சங்குக்குக் கிடைக்காத பெருமை மரத்தில் கிடைத்தது. நம்ம ஊரில் பெருக்க மரம், ஆனைப்புளி என்கிறோமே, அந்த மரத்தின் அறிவியல் பெயர் அடான்சோனியா. அந்தப் பெயரைச் சூட்டியவர், இவர் ஏற்க மறுத்த அதே லின்னேயஸ்தான்!