வரிசைக்குக் கணக்குப் போட்ட வாத்தியார் மகன்



தொலைபேசித் தொடர்பியல் புத்தகங்களில் எர்லாங் என்றொரு அலகு வரும். இரண்டு மார்க் கேள்வி என்று மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறோம். வோல்ட், ஆம்பியர் போல அதுவும் ஒரு மனிதரின் பெயரால் வந்ததுதான். அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு.

முதலாம் ஆண்டில் ஓர் உதவித்தொகைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கடைசி நாள். சேத்தியாத்தோப்பில் ஒரு பிரவுசிங் சென்டரில் சாயங்காலம் அஞ்சு மணிக்கு உட்கார்ந்தேன். கரும்பு வெட்டிவிட்டு வந்த அப்பா, வேட்டியில் ஒட்டிய சோகையோடு பக்கத்தில் நின்றார். திரையில் வட்டம் சுத்திக்கிட்டே இருந்தது. பத்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டார்கள். விண்ணப்பம் போகவில்லை. நான் ஏதோ தப்பாக அமுக்கிவிட்டேன் என்று அப்பா நினைத்தார். படிச்ச குடும்பமா இருந்தா தெரிஞ்சிருக்கும் என்று நானும் நினைத்தேன். அந்த வருஷச் செலவுக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போச்சு.

அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குப் புரியவைத்தவர்தான் அக்னர் கிராருப் எர்லாங்.

டென்மார்க் நாட்டில் லோன்போர்க் என்ற சிற்றூரில் 1878 ஜனவரி 1 அன்று பிறந்தார். அப்பா கிராமப் பள்ளி வாத்தியார். 14 வயதிலேயே, வயது போதாததால் தனி அனுமதி பெற்று ஒரு தேர்வு எழுதித் தேறினார். பிறகு அப்பாவின் பள்ளியிலேயே இரண்டு வருடம் உதவி ஆசிரியராக இருந்தார். உதவித்தொகை பெற்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1901இல் கணிதத்தில் பட்டம் வாங்கினார். அதன்பின் சில ஆண்டுகள் பள்ளிகளில் பாடம் நடத்தினார்.

1908இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்தது. அங்கே தலைமைப் பொறியாளராக இருந்த யென்சனும் ஒரு கணித மேதை. அந்தக் காலத்தில் எக்ஸ்சேஞ்சில் ஆட்கள் உட்கார்ந்து, கையால் லைனை இணைத்துக் கொடுப்பார்கள். ஆட்களும் லைனும் கூடினால் நிறுவனத்துக்கு நஷ்டம், குறைந்தால் பேச வருகிறவனுக்குக் கஷ்டம். எத்தனை இருந்தால் சரி?

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதுசு இல்லை. கரும்பு சீசனில் ஒரு நேரம் எடைமேடை காலியாகக் கிடக்கும். ஒரு நேரம் ரோடு வரைக்கும் டிராக்டர் நிற்கும். யாரும் சொல்லிவைத்துக்கொண்டு வருவதில்லை. அப்படி ஒழுங்கில்லாமல் வருவதற்கும் ஒரு விதி உண்டு என்று 1909இல் எர்லாங் காட்டினார். 1917இல் அதிலிருந்து புகழ்பெற்ற சூத்திரங்களைத் தந்தார்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு மணி நேரத்தில் 120 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம். மொத்தம் 360 நிமிடப் பேச்சு. 60ஆல் வகுத்தால் 6 எர்லாங். அப்படியானால் 6 லைன் போதும் என்று நாம் சொல்லுவோம். எர்லாங் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் 100க்குச் சுமார் 26 பேர் லைன் கிடைக்காமல் திரும்புவார்கள்! 12 லைன் வைத்தால்தான் அது 100க்கு ஒருவர் என்ற அளவுக்கு வரும். சராசரியை நம்பினால் மோசம் போவோம்.

இன்றைய வெப் சர்வரிலும் இதே கதைதான். தலைமைப் புராசஸ் ஒன்று இருக்கும். அதன் கீழே நான்கோ எட்டோ ஒர்க்கர் புராசஸ்கள். எளிய அமைப்பில் ஓர் ஒர்க்கர் ஒரு நேரத்தில் ஒருவரின் வேலையைத்தான் பார்க்கும். மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். வீராணம் ஏரி கொள்கிற வரைக்கும்தான் தண்ணீர் தேங்கும் அல்லவா? அதுபோல வரிசைக்கும் ஓர் அளவு உண்டு. அது நிறைந்தால் வருகிறவர் வெளியேதான்.

வேலையைப் பங்கிடும் விதமும் முக்கியம். ஆளுக்கு ஒன்று என்று முறை வைத்துக் கொடுத்தால், பெரிய வேலையில் இருக்கும் ஒர்க்கரின் பின்னால் நாலு பேர் மாட்டிக்கொள்வார்கள். பக்கத்து ஒர்க்கர் சும்மா இருக்கும். எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, எது கை ஒழிகிறதோ அதனிடம் அடுத்தவரை அனுப்புவது மேல். மேலே சொன்ன 6 லைனை மூன்று மூன்றாகப் பிரித்து, கூட்டத்தையும் பாதியாக்கினால், திரும்புகிறவர்கள் 26இலிருந்து 35 ஆகிவிடுகிறார்கள். லைனும் குறையவில்லை, ஆளும் கூடவில்லை. பிரித்த விதம்தான் தப்பு.

எர்லாங் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. உதவி கேட்டு வந்தவர்களுக்கு வாரிக் கொடுப்பவர் என்கிறார்கள். சுமார் இருபது வருடம் அதே நிறுவனத்தில் உழைத்து, வயிற்றில் அறுவைச் சிகிச்சைக்குப் பின் 1929 பிப்ரவரி 3 அன்று 51ஆம் வயதில் காலமானார். 1946இல் அவர் பெயர் தொலைபேசிப் போக்குவரத்தின் அலகானது. எரிக்சன் நிறுவனத்தில் 1986இல் தொடங்கிய ஒரு கணினி மொழிக்கும் எர்லாங் என்றே பெயர். நாம் தினமும் பார்க்கும் வாட்ஸ்அப்பின் சர்வர்கள் அந்த மொழியில்தான் எழுதப்பட்டன.

இதையெல்லாம் எடைமேடையை வைத்து அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்போ அன்னைக்கு உன் மேல தப்பு இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அன்று நான் அமுக்கியது சரிதான். கூட்டத்துக்கு ஏற்ற ஒர்க்கர் இல்லை, அவ்வளவுதான்.

நண்பர்களே, நாளை நம்மில் ஒருவர் இப்படி ஒரு சர்வர் அமைக்கும் வேலையில் உட்காரலாம். அன்று சராசரி நாளைக்குக் கணக்குப் போடாதீர்கள். கடைசி நாள் சாயங்காலத்துக்குப் போடுங்கள். அந்த நேரத்தில்தான் கூலி வேலை முடித்து எங்க அப்பா மாதிரி ஆட்கள் வருவார்கள்.



— மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு