குளக்கரைக் குடிலில் தோரோ

சென்ற கோடை விடுமுறையில் நம் இல்லத்து மாடி அறையை ஒழிக்க வேண்டிய நிலை வந்தது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பயின்ற காலந்தொட்டு ஓய்வு பெற்ற நாள் வரை நாம் எழுதிய பாடக் குறிப்பேடுகளும், அட்டையில் வரைந்த படங்களும், பழைய வினாத்தாள்களும் இரண்டு பீரோக்களை நிறைத்திருந்தன. விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி, அவை அனைத்தையும் கைப்பேசியில் படம் பிடித்து, விரல் நகமளவே உள்ள ஒரு சில்லில் அடக்கிவிடலாம் என்றும், காகிதங்களைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிடலாம் என்றும் கூறினாள். நாம் உடன்படவுமில்லை, மறுக்கவுமில்லை. இடம் குறையும் என்பது உறுதி. பொருள் குறையுமா என்பதே நம் ஐயம். பார்க்க நேரமில்லாத பத்தாயிரம் படங்கள் கைப்பேசியில் கிடப்பதும் ஒருவகைச் சேர்ப்பே அன்றோ!

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் பொருள் வரைதலும் ஒன்று என்பதை நம் இல்லத்துச் சிறு பிள்ளைகளும் அறிவர். எந்த அளவில் வரைவது, எதை வைத்துக்கொண்டு எதை விடுவது என்பதே கடினம். இதனை எண்ணியிருந்தபோது, நம் நெறியைச் சாராதவரும், நம் நாட்டைக் கண்ணாலும் காணாதவருமான ஒருவருடைய வாழ்க்கை நினைவுக்கு வந்தது. அமெரிக்க நாட்டு அறிஞர் ஹென்றி டேவிட் தோரோ அவர். காந்தியடிகளின் வரலாற்றைப் படித்தோர் இவர் பெயரை அறிந்திருப்பர்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் நகருக்கு மேற்கே கான்கார்டு என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1817ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் தோரோ பிறந்தார். தந்தையார் பென்சில் செய்து விற்பவர். தாயார் தம் வீட்டில் வாடகைக்குத் தங்குவோர்க்கு உணவளித்துக் குடும்ப வருவாய்க்குத் துணை செய்தவர். ஹெலன் என்னும் அக்காள், ஜான் என்னும் அண்ணன், சோபியா என்னும் தங்கை ஆகியோர் உடன்பிறந்தோர். செல்வக் குடும்பம் அன்று; எனினும் ஹார்வர்டு கல்லூரிக்கு அனுப்பி அவரைப் படிக்க வைத்தனர். 1837இல் பட்டம் பெற்று ஊர் திரும்பியவருக்கு ஊர்ப் பள்ளியிலேயே ஆசிரியர் வேலை கிடைத்தது.

அவ்வேலை இரண்டு வாரங்களே நீடித்தது. பிள்ளைகளை அடிக்காமல் பாடம் நடத்துகிறார் என்று பள்ளிக் குழுவைச் சேர்ந்த ஒருவர் குறை கூறி, பிரம்படி கொடுத்தே தீர வேண்டும் என வற்புறுத்தினார். தோரோ அன்றே சில மாணவர்களைக் குறிப்பின்றித் தேர்ந்து அடித்துவிட்டு, அன்று மாலையே வேலையைத் துறந்தார். நாம் பலகாலம் ஆசிரியப் பணி செய்தவர் என்ற முறையில் இங்கு ஒன்று கூறாமல் இருக்க இயலவில்லை. வேலையை விட்டது பெருமை. ஒரு குற்றமும் செய்யாத பிள்ளைகளை அடித்துக் காட்டிவிட்டு விட்டது பெருமையாகாது. வயது அப்போது இருபதுதான், பொறுத்துக்கொள்ளலாம். மறு ஆண்டு அவர் சொந்தமாகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அண்ணன் ஜானும் வந்து சேர்ந்துகொண்டார். அங்கு பிரம்பே கிடையாது. காட்டுக்கும் ஆற்றுக்கும் மாணவர்களை அழைத்துச் சென்று கற்பித்தனர். ஜானின் உடல்நலக் குறைவால் 1841இல் பள்ளியை மூட நேர்ந்தது.

1842ஆம் ஆண்டு தொடக்கத்தில், சவரக் கத்தியைத் தீட்டும்போது ஜானின் விரலில் சிறு வெட்டு ஏற்பட்டது. அதுவே தாடை இறுகும் இசிவு நோயாக முற்றி, ஜனவரி 11ஆம் நாள் தம்பியின் மடியிலேயே அவர் உயிர் நீத்தார். அதன்பின் சில நாட்களில், உடலில் எக்காயமும் இல்லாத தோரோவுக்கும் அந்நோயின் குறிகள் அனைத்தும் தோன்றினவாம்! மருத்துவர்கள் கைவிட இருந்த நிலையில் மெல்லத் தேறினார். 1839இல் இவ்விருவரும் தாமே கட்டிய படகில் கான்கார்டு, மெரிமாக் ஆறுகளில் பயணம் சென்றிருந்தனர். அப்பயணத்தை ஒரு நூலாக எழுதி அண்ணனுக்கு நினைவுச் சின்னமாக்க வேண்டும் என்பது தம்பியின் விருப்பம். பென்சில் பட்டறை வேலைக்கும், ஆட்கள் நிறைந்த வீட்டின் ஓசைக்கும் இடையே அது கைகூடவில்லை.

தோரோ காட்டுக்குச் சென்றதைப் பற்றி எழுதுவோர் பலர் இதனை விட்டுவிடுகின்றனர். அவர் வெறுமனே பொருள்களை வெறுத்துச் சென்றவர் அல்லர். முடிக்க வேண்டிய பணி ஒன்று இருந்தது. அதற்கு நேரம் வேண்டியிருந்தது. நேரத்தைத் தின்னும் பொருள்களை விலக்கினார்.

அறிஞர் எமர்சன் அவருடைய நண்பர். எமர்சனுக்கு ஊருக்கு வெளியே, வால்டன் என்னும் குளத்தின் கரையில் சிறிது நிலம் இருந்தது. 1845ஆம் ஆண்டு வசந்தத்தில் தோரோ ஒரு கோடரியை இரவல் வாங்கிச் சென்று அங்கே மரம் வெட்டத் தொடங்கினார். திருப்பிக் கொடுக்கும்போது வாங்கியதினும் கூர்மையாகத் தீட்டிக் கொடுத்தார். இருப்புப்பாதை வேலைக்கு வந்திருந்த அயர்லாந்துக்காரர் ஒருவரின் குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிப் பிரித்து, பலகைகளை வெயிலில் உலர்த்திப் பயன்படுத்திக்கொண்டார். 10 அடி அகலமும் 15 அடி நீளமும் கொண்ட ஓர் அறையே வீடு. மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். ஆணி, சுண்ணாம்பு, கண்ணாடிச் சன்னல் என ஒவ்வொன்றின் விலையும் கணக்கில் உண்டு. அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் அங்குக் குடியேறினார்.

வீட்டிலிருந்த பொருள்களின் பட்டியலை அவரே தந்திருக்கிறார். ஒரு கட்டில், ஒரு மேசை, ஓர் எழுதுபலகை, மூன்று நாற்காலிகள், மூன்றங்குல முகக் கண்ணாடி, ஒரு கெண்டி, இரண்டு வாணலிகள், மூன்று தட்டுகள், இரண்டு கத்திகள், இரண்டு முட்கரண்டிகள், ஒரு குவளை, ஒரு கரண்டி, ஒரு விளக்கு, இன்னும் சில சில்லறைப் பொருள்கள். மேசைமீது அழகுக்காக மூன்று சுண்ணாம்புக் கற்களை வைத்திருந்தார். அவற்றை நாள்தோறும் தூசு தட்ட வேண்டியிருந்தது கண்டு சன்னல் வழியே வெளியே எறிந்துவிட்டார். அம்மையார் ஒருவர் அன்புடன் கால்மிதி ஒன்று தர முன்வந்தபோது, வீட்டில் அதற்கு இடமுமில்லை, அதனை உதற நேரமுமில்லை என்று வாங்க மறுத்தார். இலவசமாக வந்த பொருளுக்கும் பின்னால் ஒரு விலை உண்டு என்பது அவர் கணக்கு.

கணக்கு என்றோம். தோரோவின் கணக்கு நம் பள்ளிக் கணக்கினும் வேறானது. கான்கார்டிலிருந்து 30 மைல் தொலைவிலுள்ள பிட்ச்பர்க் நகருக்கு அப்போது புதிதாக இரயில் ஓடிற்று. கட்டணம் 90 சென்ட். அஃது ஏறத்தாழ ஒரு நாள் கூலி. இருவரில் ஒருவர் காலையிலேயே நடக்கத் தொடங்கினால் இரவுக்குள் சென்று சேர்வார். மற்றவர் கட்டணத்துக்குரிய கூலியை ஈட்டிய பின்னரே வண்டி ஏற வேண்டும். ஆகவே அன்றிரவோ மறுநாளோதான் வந்து சேர்வார். ஒரு பொருளின் உண்மை விலை, அதற்காக நாம் கொடுக்கும் வாழ்நாளின் அளவே என்று அவர் கொண்டார். ஆண்டுக்கு ஆறு வாரக் கூலி வேலை தம் தேவைக்குப் போதும் என்றும் கண்டார். தந்திக் கம்பி அக்காலத்துப் புதுமை. மெய்ன் மாநிலத்தையும் டெக்சாசையும் கம்பியால் இணைக்க எல்லோரும் விரைகின்றனர். இரு மாநிலத்தார்க்கும் பேசிக்கொள்ள முதன்மையான செய்தி உண்டா என அவர் வினவினார். கைப்பேசி நாளெல்லாம் ஒலிக்கும் நம் வீடுகளில் இவ்வினாவுக்கு இன்றும் வேலை இருக்கிறது.

குளக்கரையில் இரண்டரை ஏக்கரில் பெரும்பாலும் அவரை விதைத்தார். முதலாண்டு 23 டாலர் 44 சென்ட் வரவு. செலவு போக 8 டாலர் 71½ சென்ட் மிஞ்சிற்று. உணவைப் பொறுத்தவரை நம் வாசகர்க்கு மனம் ஒப்பாத செய்தியையும் மறைத்தல் முறையன்று. அவர் குளத்தில் மீன் பிடித்தார். பயிரை அழித்த நில எலி போன்ற பிராணி ஒன்றைக் கொன்று உண்டதும் உண்டு. வால்டனுக்குச் செல்லும் முந்தின ஆண்டில், பிடித்த மீனைச் சமைக்க மூட்டிய தீ பரவி முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட காடு எரிந்தது. ஊரார் நெடுங்காலம் அதனைச் சொல்லிக் காட்டினர். ஆயினும் மீன் பிடிக்கும்போதெல்லாம் தம்மீது தமக்குள்ள மதிப்புக் குறைவதாக உணர்ந்ததையும், மனித இனம் முன்னேறும்போது புலாலுண்ணலை விட்டொழிக்கும் என்று நம்பியதையும் அவரே எழுதி வைத்தார்.

வேறொரு குறையையும் பலர் சொல்வர். குளத்திலிருந்து தாய்வீடு இரண்டு மைல்கூட இல்லை. அடிக்கடி சென்று உண்டு வந்தார். அழுக்குத் துணி வீட்டிலேதான் வெளுக்கப்பட்டது என்பர். இக்குறையில் நியாயம் உண்டு. தனியாள் மூன்று நாற்காலியோடு வாழலாம். குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டை நடத்தும் பெண்ணுக்கு மூன்று தட்டு போதுமா? அந்த அன்னையும் தங்கையும் தம் வீட்டை நிறைவாக வைத்திருந்ததனால்தான் மகனுடைய குடில் வெறுமையாக இருக்க முடிந்தது. இதனைச் சொல்வதால் தோரோவின் பெருமை குறைந்துவிடாது.

1846 ஜூலையில் செருப்புத் தைக்கக் கொடுத்ததை வாங்கச் சென்றவரைத் தலைவரி கட்டாததற்காகக் காவலர் சிறையிலிட்டார். அடிமை முறையை ஆதரித்து, மெக்சிகோமீது போர் தொடுக்கும் அரசுக்கு வரி தருவதில்லை என அவர் பல ஆண்டுகளாக மறுத்து வந்திருந்தார். ஒரே இரவுதான், யாரோ வரியைச் செலுத்திவிட்டனர். அது பற்றி எழுதிய கட்டுரை 1849இல் வெளியாயிற்று. அறுபது ஆண்டுக்குப் பின் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் அதனைப் படித்து, தம் இந்தியன் ஒப்பீனியன் இதழில் அதன் பகுதிகளை வெளியிட்டார். பறிக்கப்படுவதற்கு அதிகம் இல்லாதவரே அரசை அஞ்சாது மறுக்க முடியும் என்பதும் அக்கட்டுரையில் வரும் கருத்து.

இரண்டு ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள் கழித்து, 1847 செப்டம்பர் 6ஆம் நாள் குடிலை விட்டு வந்தார். எதற்காகச் சென்றாரோ அப்பணி முடிந்திருந்தது. அண்ணனுக்கான நூல் உருப்பெற்றிருந்தது. குடிலையும் அவர் பற்றிக்கொள்ளவில்லை. அது கைமாறிப் பின்னர்த் தானியம் வைக்கும் கொட்டிலாயிற்று.

அண்ணன் நினைவாக எழுதிய அந்நூல் 1849இல் தம் செலவில் ஆயிரம் படிகள் அச்சாயிற்று. விற்கவில்லை. 1853இல் பதிப்பாளர் 706 படிகளை வண்டியிலேற்றித் திருப்பி அனுப்பினார். அவற்றைத் தம் முதுகில் சுமந்து மாடியறைக்கு ஏற்றி அடுக்கிய தோரோ, தம் நூலகத்தில் ஏறத்தாழத் தொள்ளாயிரம் நூல்கள் உள்ளன, எழுநூறுக்கு மேற்பட்டவை தாமே எழுதியவை என வேடிக்கையாகக் குறித்துக்கொண்டார். பொருளைக் குறைத்தவர் மாடியில் 706 நூல்கள்! பழைய குறிப்பேடுகளோடு போராடும் நமக்கு இவ்விடம் பெரிய ஆறுதல். அவர் அவற்றை எறியவில்லை. 1855இல் இங்கிலாந்து நண்பர் ஒருவர் இந்திய நூல்கள் 44 தொகுதிகளை அனுப்பினார். கால்மிதியை மறுத்தவர் இவற்றை மறுக்கவில்லை. ஆற்றில் மிதந்து வந்த கட்டைகளைச் சேர்த்து அவற்றுக்கென்றே அலமாரி செய்தார். குளக்கரை வாழ்வைப் பற்றிய வால்டன் நூல் ஏழு முறை திருத்தி எழுதப்பெற்று 1854இல் வெளிவந்திருந்தது.

நிலம் அளந்து பிழைத்தார். நாள்தோறும் நடந்தார், கண்டதை எழுதினார். 1837 முதல் 1861 வரை எழுதிய நாட்குறிப்புகள் 47 தொகுதிகள். சொற்கள் இருபது இலட்சம். எந்தச் செடி எந்நாளில் பூத்தது என்று ஆண்டுதோறும் குறித்தார். காசநோய் முற்றியபோது வால்டனில் தாம் படுத்த சிறு கட்டிலையே முன்னறைக்குக் கொணரச் செய்து, சோபியாவின் துணையோடு கையெழுத்துப்படிகளைத் திருத்தி ஒழுங்கு செய்தார். 1862 மே 6ஆம் நாள், 44ஆம் வயதில் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற பொருள்களுள் பெரியது அந்தக் குறிப்பேடுகளே. சோபியா அவற்றைக் காத்தார்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரைமாக்கும் மில்லர்-ரஷிங்கும் அப்பூக்குறிப்புகளை எடுத்து, 1850களின் நாட்களைத் தாம் கான்கார்டில் நேரில் கண்ட நாட்களோடு ஒப்பிட்டனர். அங்கு வெப்பம் கூடியதால் பூக்கள் சராசரியாக ஒரு வாரம் முன்னதாகவே மலர்கின்றன என்று 2008இல் வெளியிட்டனர். தோரோ அளந்து வரைந்த நில வரைபடங்களைக் கான்கார்டு நூலகம் கணினியில் ஏற்றியிருக்கிறது. பேத்தி அவற்றை நமக்குக் கைப்பேசியிலேயே பெரிதாக்கிக் காட்டினாள். மை மங்கிய கோடுகூடத் தெரிந்தது.

அதன்பின் ஒரு மாலை முழுதும் நாம் பீரோவின் முன் அமர்ந்து ஏடுகளைப் பிரித்தோம். வினாத்தாள்கள் அனைத்தும் போயின. பாடக் குறிப்பேடுகளில் பெரும்பகுதியும் படம் எடுக்காமலேயே போயிற்று. ஒன்றையே ஆண்டுதோறும் எழுதியிருந்தோம். இயற்கைப் பாட ஏடு ஒன்று மட்டும் அடியில் கிடந்தது. 1978இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி வேம்பு பூத்த நாளையும், முதல் மழை பெய்த நாளையும் கோணல் எழுத்தில் குறித்தது. பேத்தி அதனைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தாள். ஏட்டை எடைக்குப் போடலாமா என்று இம்முறை அவள் கேட்கவில்லை. ஒரு பீரோ காலியாயிற்று. மற்றொன்றின் மேல்தட்டில் அந்த ஏடு இருக்கிறது.